'வலி வந்தால் மட்டும்' என்று எழுதிய சீட்டு: பகல்நேர அறுவைக்குப் பின் ஒரு சிறுவனின் முதல் இரவு

காலையில் சேர்த்து, அறுவை செய்து, மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடும் சிகிச்சை குழந்தைகளுக்கு நல்லது. அம்மா பக்கத்தில் இருப்பாள், சொந்தப் பாயில் தூங்கலாம், ஆஸ்பத்திரிக் கிருமிகளும் ஒட்டாது. ஆனால் வலியும் வாந்தியும் உச்சத்துக்கு வரும் நேரத்தில் குழந்தை நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. இந்த நிகழ்வில் மயக்க மருந்து கொடுத்த மருத்துவர் நான். பெற்றோரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

பின்னணி

பையனுக்கு 5 வயது, எடை 16 கிலோ. வால்பாறைப் பக்கத்து தேயிலை எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் தொழிலாளர்கள். வலது விரை பைக்குள் இறங்கவில்லை என்பதைப் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு கண்டுபிடித்துச் சொன்னது. விரையைப் பைக்குள் இறக்கி வைக்கும் இந்த அறுவையை ஒன்று, ஒன்றரை வயதுக்குள் செய்திருக்க வேண்டும். தாமதமாக வருவது இங்கே அபூர்வமல்ல.

அறுவை நடந்தது மலைக்குக் கீழே, சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனையில். முந்தின நாள் மாலையே இறங்கி வந்து, ஊருக்குள் இருக்கும் அத்தை வீட்டில் தங்கி, காலை 7 மணிக்கு வந்து சேர்ந்தார்கள். மருத்துவமனையிலிருந்து அத்தை வீடு 4 கிலோமீட்டர்தான். இந்தத் தகவல் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அறுவைக்கு முன் கேட்டதும் கேட்காததும்

சளி, காய்ச்சல், வீசிங், ஒவ்வாமை, கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் வயிற்றைக் காலியாக வைப்பதில் சிக்கல். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும். அம்மாவோ பயத்தில் முந்தின இரவு 8 மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "கொடுத்தா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்கன்னு சொன்னாங்க டாக்டர்" என்றார். 13 மணி நேரப் பட்டினியோடுதான் அவன் மேசைக்கு வந்தான்.

குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் வாந்தி வருமா என்று கணிக்க எபர்ஹார்ட் குழுவினர் 2004இல் வெளியிட்ட எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. நான்கே கேள்விகள். அறுவை 30 நிமிடமோ அதற்கு மேலோ நீளுமா? வயது 3 அல்லது அதற்கு மேலா? மாறுகண் அறுவையா? குழந்தைக்கோ, பெற்றோருக்கோ, உடன்பிறந்தவர்களுக்கோ இதற்கு முன் அறுவைக்குப் பின் வாந்தி வந்திருக்கிறதா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம், மூன்று என்றால் 55, நான்கும் என்றால் 70.

முதல் இரண்டும் இவனுக்குப் பொருந்தின. மூன்றாவது இல்லை. நான்காவதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், குடும்பக் கட்டுப்பாடு அறுவை முடிந்த அன்று விடியும்வரை தான் வாந்தி எடுத்ததை அம்மா சொல்லியிருப்பார். பையனுக்குப் பஸ் ஏறினாலே குமட்டும் என்பதையும் சொல்லியிருப்பார்.

அறுவை அரங்கில்

காலை 9.10க்கு செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்துத் தூங்க வைத்தோம். 9.20க்கு முதுகுத்தண்டின் அடிமுனையில் காடல் பிளாக் எனப்படும் மரப்பு ஊசி, 0.2 சதவீத ரோபிவகைன் 16 மி.லி. இடுப்புக்குக் கீழே வலி தெரியாமல் செய்ய இதைப்போல நம்பகமானது வேறில்லை. ஆனால் அதன் ஆயுள் பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம்தான். 9.40க்கு நரம்பு வழியாகப் பாராசிட்டமால் 240 மி.கி., அதாவது கிலோவுக்கு 15. வாந்திக்கு ஆன்டான்செட்ரான் 1.6 மி.கி. தூங்க வைத்த கையோடு பென்டனில் என்ற ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) 16 மைக்ரோகிராமும் கொடுத்திருந்தேன். மரப்பு ஊசி போடப் போகிற குழந்தைக்கு அது தேவையே இல்லை. ஓபியாய்டு வகை மருந்து வாந்தியைத் தூண்டும் என்பது தெரிந்தும் பழக்கத்தால் கொடுத்துவிட்டேன்.

அறுவை 50 நிமிடத்தில் சிக்கலில்லாமல் முடிந்தது.

வார்டில்: 10.40 முதல் 2.15 வரை

பேசத் தெரியாத, அல்லது பேச மறுக்கும் குழந்தையின் வலியை அளக்க ஃப்ளாக் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறானா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10. இவனுக்கு 11 மணிக்கு 0, 12 மணிக்கு 0, 1 மணிக்கும் 0. மரப்பு வேலை செய்கிறது என்பதைத் தவிர அந்தப் பூஜ்யங்களுக்கு வேறு பொருளில்லை. நாங்கள் அதை 'வலி இல்லாத குழந்தை' என்று வாசித்தோம்.

12.30 வாக்கில், ஏதாவது குடித்து அது வயிற்றில் நின்றால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று வார்டில் சொல்லப்பட்டது. எங்கள் வார்டின் பழைய விதி அது. அம்மா கேன்டீனில் ஒரு டம்ளர் பால் வாங்கி வந்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "குடி கண்ணு, குடிச்சாத்தான் வீட்டுக்கு விடுவாங்க" என்று கெஞ்சி முக்கால் டம்ளர் குடிக்க வைத்தார். பத்து நிமிடத்தில் முழுவதும் வெளியே வந்தது. பிறகு ஒரு மணி நேரம் பார்த்தோம். மறுபடி வாந்தி இல்லை என்றதும் 'ஒரு முறை மட்டும்' என்று குறித்துக்கொண்டோம்.

குடித்தால்தான் வீடு என்று கட்டாயப்படுத்திய குழந்தைகள், தாமாகக் கேட்டபோது குடித்தவர்களைவிட அதிகம் வாந்தி எடுத்தார்கள் என்று 1992லேயே ஆய்வு வந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வார்டு விதியை மாற்றும் வேலையை நான் என்னுடையதாக நினைக்கவில்லை.

2.15க்கு டிஸ்சார்ஜ். சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பாராசிட்டமால் சிரப், 5 மி.லி.க்கு 250 மி.கி., 5 மி.லி., எஸ்.ஓ.எஸ். கூடவே மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக். மருந்தாளர் எஸ்.ஓ.எஸ். என்பதை "வலி வந்தா மட்டும் கொடுங்க" என்று விளக்கினார். சரியான விளக்கம்தான். ஆனால் சீட்டை வாங்கும்போது பையன் அப்பா தோளில் சிரித்துக்கொண்டிருந்தான். மரப்பு இன்னும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

பயணம்

2.50க்கு வால்பாறை பஸ். மறுநாள் காலை அப்பா வேலைக்கு நிற்க வேண்டும், போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 40.

அம்மா பின்னர் சொன்னதிலிருந்து: ஆறாவது வளைவில் முதல் வாந்தி. மேலே போய்ச் சேர்வதற்குள் நான்கு முறை. கடைசி இரண்டும் வெறும் எச்சில். பாதி மலையில் காலை மடக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தான். பசி என்று நினைத்து பிஸ்கட் கொடுத்தார், துப்பிவிட்டான். பஸ்ஸில் வந்த குமட்டல் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் பாதி உண்மை. நாங்கள் கொடுத்த ஆன்டான்செட்ரான் மயக்க மருந்தால் வரும் வாந்தியைத் தடுக்கும், பயணக் குமட்டலுக்கு அது பயன்படாது. நீண்ட பட்டினி, கட்டாயமாகக் குடித்த பால், இறங்கும் மரப்பு, மலைப்பாதை என்று எல்லாம் ஒரே மணி நேரத்தில் ஒன்றுகூடின. அடுத்த பாராசிட்டமாலுக்கான நேரம் 3.40. அது கொடுக்கப்படவில்லை.

7 மணிக்கு எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில் உள்ள தங்கள் லைன் வீட்டை அடைந்தார்கள். அப்போது அவன் அழுகையை நிறுத்தியிருந்தான். சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, அசையாமல் படுத்திருந்தான். "அமைதியாத்தான் இருந்தான், அதனால மருந்து கொடுக்கல" என்றார் அம்மா. அடம் பிடிக்கும் பையன் அடம் பிடிக்காமல் கிடப்பதுதான் சில சமயம் வலியின் மோசமான அடையாளம். பெற்றோருக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

9 மணிக்கு சிறுநீர் கழிக்க எழுப்பியபோது வீறிட்டான். அப்போதுதான் மருந்து நினைவுக்கு வந்தது. 'அதே மருந்து வீட்டிலேயே இருக்கிறதே' என்று புது பாட்டில் வாங்காமல் வந்திருந்தார்கள். வீட்டில் இருந்தது 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப். ஆக 5 மி.லி. கொடுத்தபோது அவனுக்குக் கிடைத்தது பாதி அளவு. பத்து நிமிடத்தில் அதுவும் வாந்தியாகிவிட்டது. திரும்பக் கொடுத்தால் அளவு மீறிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பெரியவர்களுக்கான நிமசுலைடு என்ற வலி மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாம் என்றார். 12 வயதுக்குக் கீழே அந்த மருந்து இந்தியாவில் 2011 முதல் தடை செய்யப்பட்டது. அப்பாவுக்கு அது தெரியாது. ஆனாலும் "டாக்டர் எழுதாததைக் கொடுக்க வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். சீட்டில் இருந்த எண்ணுக்கு இரண்டு முறை கூப்பிட்டார். அது பகலில் மட்டும் எடுக்கப்படும் வரவேற்பு மேசை எண். பிறகு பையனைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் மருந்தகத்துக்கு நடந்தார். அங்கே இருந்த செவிலியர் தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் என் எண்ணைத் தேடிப் பிடித்தார்.

இரவு 11.05: தொலைபேசியில்

முதலில் ஆபத்து ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. தையலில் ரத்தம் இல்லை. விதைப்பை லேசான வீக்கம், நிறம் மாறவில்லை. வாந்தி பச்சையாக இல்லை. வயிறு உப்பவில்லை. காய்ச்சல் இல்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறான், மூச்சு சீராக இருக்கிறது. நாக்கு மட்டும் காய்ந்திருந்தது. அறுவைக்குப் பிறகு சிறுநீர் கழித்தானா என்று கேட்டேன். அப்பா யோசித்துவிட்டு, "இல்லைங்க" என்றார். 14 மணி நேரம். மரப்பு ஊசிக்குப் பின் சிறுநீர் தாமதமாகலாம், வலியும் பயமும் அடக்க வைக்கும், போதாக்குறைக்கு உடலில் நீரும் குறைவு.

ஃப்ளாக் அளவுகோலைச் செவிலியரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன். 10க்கு 7 வந்தது.

"டிராமடால் ஊசி இருக்கு சார், கால் பங்கு போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். சிலருடைய உடல் டிராமடாலை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும், மூச்சு அடங்கிப் போகலாம். 12 வயதுக்குக் கீழே வலிக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் அறிவித்தது. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு மேலும் வாந்தியைத் தூண்டும் மருந்தும்கூட. இரவில் கண்காணிப்புக் கருவி இல்லாத இடத்தில் அதை நினைத்தே பார்க்க முடியாது.

மலையிறங்கி வரச் சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. அதே 40 வளைவுகளில் இரவில் இறங்கினால் வாந்தி கூடும், இரண்டரை மணி நேரம் மருந்தில்லாமல் போகும். ஆபத்து அறிகுறி இல்லாததால் அங்கேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பச்சை வாந்தி, பெருகும் வீக்கம், மேலும் இரண்டு வாந்தி, அல்லது 2 மணி வரை சிறுநீர் வராதது, இதில் எது நடந்தாலும் 108ஐக் கூப்பிட்டு வால்பாறை அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

வாந்தியை அடக்காமல் வலிக்கு வாய்வழி மருந்து கொடுப்பதில் பலனில்லை. வலியை அடக்காமல் விட்டால் வாந்தியும் நிற்காது. ஆகவே வரிசை முக்கியமானது. 11.15க்கு நாக்கில் கரையும் ஆன்டான்செட்ரான் 4 மி.கி. மாத்திரையில் பாதி. முந்தைய ஊசி போட்டு 13 மணி நேரம் ஆகியிருந்ததால் தடையில்லை. அரை மணி நேரம் எதுவும் கொடுக்கவில்லை. 11.45க்குப் பாராசிட்டமால் 240 மி.கி., மருந்தகத்தில் இருந்த 250 மி.கி. சிரப்பில் 4.8 மி.லி., ஊசியில்லா சிரிஞ்சில் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

அளவு மீறுமோ என்ற அப்பாவின் பயத்துக்குக் கணக்கைச் சொல்லிக் காட்டினேன். காலையில் 240, இரவு 9 மணிக்கு 125, இப்போது 240. வாந்தியில் போனதைக் கழிக்காமலே 605. அவன் எடைக்கு ஒரு நாளைய உச்ச அளவு கிலோவுக்கு 60 வீதம் 960. "அப்ப சரிங்க டாக்டர்" என்று மூச்சு விட்டார்.

இபுப்ரோஃபெனும் மருந்தகத்தில் இருந்தது. வீக்க வலிக்கு அது பாராசிட்டமாலைவிட நன்றாகவே கேட்கும். ஆனால் உடலில் நீர் குறைந்த, சிறுநீர் கழிக்காத குழந்தைக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் காலைவரை தள்ளிவைத்தேன். ஓ.ஆர்.எஸ். கரைசலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம், டம்ளரில் வேண்டாம், அவன் கேட்டாலும் வேண்டாம் என்றேன்.

12.40க்கு ஃப்ளாக் 3. 1.35க்கு அம்மா வெந்நீரில் நனைத்த துணியை அடிவயிற்றில் வைத்திருந்தபோது சிறுநீர் கழித்தான். செவிலியர் இதைச் சொல்லவே தனியாகக் கூப்பிட்டார். 2 மணிக்குத் தூங்கிவிட்டான்.

அடுத்த நாட்கள்

காலை 6.30க்குப் பாராசிட்டமால். 8 மணிக்கு இரண்டு இட்லி. வயிற்றில் நின்றது. சிறுநீரும் தாராளமாகப் போனதால் 9 மணிக்கு இபுப்ரோஃபென் 160 மி.கி. அதன்பின் 48 மணி நேரம் வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பாராசிட்டமால் 6 மணிக்கு ஒரு முறை, இபுப்ரோஃபென் 8 மணிக்கு ஒரு முறை, உணவோடு. மூன்றாம் நாள் அவன் வாசலில் நடந்தான். ஏழாம் நாள் தையல் நன்றாக ஆறியிருந்தது.

ஆனால் இரண்டு வாரம் படுக்கையில் சிறுநீர் போனான். சிரப் பாட்டிலைக் கண்டாலே வாயை மூடிக்கொண்டான். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது விரை சரியான இடத்தில் இருந்தது. அன்றைக்கு ரொம்ப வலித்ததா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு, "என் காலைக் காணோம்" என்றான். வார்டில் கண் விழித்தபோது மரத்துப்போன காலை அவனால் உணர முடியவில்லை. கால் எங்கேயோ போய்விட்டது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டு கிடந்திருக்கிறான். எங்கள் ஏட்டில் அந்த மூன்று மணி நேரமும் பூஜ்யம்தான்.

இப்போது மாற்றியிருப்பவை

பெரிய மாற்றம் எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்தை டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்து எடுத்ததுதான். விரையிறக்கம், குடலிறக்கம், டான்சில் போன்றவற்றுக்கு முதல் இரண்டு மூன்று நாள் வலி மருந்து கடிகாரப்படி. மரப்பு ஊசி போட்ட குழந்தைக்கு அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு என்று நேரத்தையே எழுதுகிறோம். கிளம்பும் நேரத்துக்குள் அது வந்தால் வார்டிலேயே கொடுத்து அனுப்புகிறோம். சிரப்பை நாங்களே கொடுத்து, மி.லி. கோட்டில் பேனாவால் குறியிட்ட சிரிஞ்சையும் தருகிறோம். வீட்டில் இருக்கும் பாட்டில்களைப் பற்றியும் கேட்கிறோம். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் கலந்த சிரப் பல வீடுகளில் இருக்கிறது. தெரியாமல் அதையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவு ஆகிவிடும்.

வாந்தி மதிப்பெண்ணின் நான்காவது கேள்வியைத் தவறாமல் கேட்கிறேன். மூன்று வந்தால் ஆன்டான்செட்ரானோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 0.15 மி.கி. சேர்க்கிறேன். முடிந்தவரை வாயு மயக்கத்துக்குப் பதிலாக நரம்பு வழி புரோபஃபால். மரப்பு ஊசி இருந்தால் பென்டனில் இல்லை. காலை 6 மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்று முந்தின நாள் அம்மாக்களுக்குப் போன் போகிறது. 'குடித்தால்தான் வீடு' விதி போய்விட்டது. கேட்டால் தண்ணீர், கேட்காவிட்டால் விட்டுவிடுவது.

மறுநாள் காலை ஒரு செவிலியர் எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டு, பெற்றோரைக் கொண்டே வலியை அளக்கும் 15 கேள்விப் பட்டியலைக் கேட்கிறார். வழக்கத்தைவிடக் குறைவாக விளையாடுகிறானா, குறைவாகச் சாப்பிடுகிறானா, ஒட்டிக்கொண்டே இருக்கிறானா, வழக்கத்தைவிட அமைதியாக இருக்கிறானா என்று போகும். 6 அல்லது அதற்கு மேல் 'ஆம்' வந்தால் எனக்குத் தகவல் வரும். இரவில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் எடுக்கும் எண் சீட்டின் மேலே இருக்கிறது.

மரத்த காலைப் பற்றி ஊசிக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்கிறோம். "கால் தூங்கும், சாயங்காலம் எழுந்துக்கும்" என்றால் ஐந்து வயதுக்குப் புரிகிறது.

சேர்க்கைத் தாளில் ஒரு கேள்வி புதிதாக வந்திருக்கிறது: 'இன்றிரவு குழந்தை எங்கே தூங்கும்?' மலைமேல் என்றால் அந்த இரவு கீழே தங்க ஏற்பாடு கேட்கிறோம். உறவினர் வீடு இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லாதவர்களுக்கு வார்டில் ஒரு படுக்கையைக் கட்டணமில்லாமல் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் மறுநாள் கூலி போகும் என்று சிலர் இன்னமும் அன்றைக்கே மலையேறக் கிளம்புகிறார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. அவர்கள் குழந்தையை அன்றைய பட்டியலில் முதலாவதாக எடுத்து, மரப்பு இறங்கும்வரை வார்டில் வைத்து, வாய்வழி மருந்து வயிற்றில் நின்றதைப் பார்த்த பிறகே மாலை பஸ்ஸுக்கு விடுகிறோம். அந்த பஸ்ஸில் முன் இருக்கை கேட்டு வாங்கும்படியும் சொல்லி அனுப்புகிறோம்.